மூட்டையக்காவும் மூன்றாம் தரப்பும்

'மூன்றாம் தரப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன். இப்போது என் திரையில் அந்தச் சொல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. கோளாறு அறிக்கைப் படிவம். 'காரணம்' என்று ஒரு பெட்டி, பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம்: மூன்றாம் தரப்பு. மாலை நாலு மணிக்குள் நான் இதை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் ஒரு மனுஷியின் வேலை போகும். அவளை நாங்கள் மூட்டையக்கா என்று கூப்பிடுவோம்.

மூட்டை கட்டுவதுதான் அவள் வேலை. எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுக்கிறது. அந்த நிரலுக்கென்று தனிக் கணினி எதுவும் எங்கேயும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. அது பாட்டுக்குக் கிளவுடில் தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது கூப்பிட்டால் எழுந்து, கொடுத்த வேலையை இரண்டு நொடியில் முடித்துவிட்டு, மறுபடி படுத்துவிடும். எழுந்திருக்கிற இடத்தில் அதற்கு வேண்டிய சாமான் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் நாம்தான் முன்கூட்டியே ஒரு ஜிப் மூட்டையாகக் கட்டிப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்தச் சாமானில் முக்கால்வாசி நாங்கள் எழுதியதே கிடையாது. எங்கெங்கோ இருக்கிற யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தது. அதற்கு லைப்ரரி என்று பெயர். நாங்கள் வாய்கூசாமல் எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டு, எழுதினவனுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் மூன்றாம் தரப்பு.

அக்காவின் அம்மா, தன் மகள் லைப்ரரியில் வேலை பார்ப்பதாகக் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் படியிலேயே மறித்து, "நல்ல கதைப் புத்தகமா ரெண்டு கொண்டு வாயேம்மா" என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு விளக்கப் பொறுமையில்லை. கடையில் இரண்டு நாவல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எப்பம்மா திருப்பித் தரணும்?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "பதினஞ்சு நாள்" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாளாம். இதைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

மூட்டைக்கு ஓர் அளவு உண்டு. பிரித்தால் இருநூற்றைம்பது எம்.பி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிளவுட் வாங்கிக்கொள்ளாது, அவ்வளவுதான். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் இதை ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டாராம். "எட்டு பேர்னு எழுதியிருந்தா ஒம்பதாவது ஆளு கால வைக்கும்போதே கீகீன்னு கத்தும். அதுதானே? யாரையாவது எறக்கி விடு." யாரை இறக்கி விடுவது என்பதில்தான் அக்காவின் முழுத் திறமையும் இருந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்து, தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்: "இத எடுத்தா செத்துப்போகுமா, பொழைச்சுக்குமா?" பிழைத்துக்கொள்ளும் என்றால் வெளியே. செத்துப்போகும் என்றால் உள்ளே, கூடவே ஒரு குறிப்பு: தொடாதீங்க. எதை எடுத்தாள், ஏன் எடுத்தாள் என்று கோடு போட்ட நோட்டில் பச்சை மையில் எழுதி வைப்பாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறவளாக இருந்தாள். சாயங்கால வகுப்பில் கணினி படித்தாள். குப்பி உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்கிற பயம் அவளை விட்டுப் போகவேயில்லை. அந்தப் பயம் எங்கள் மேலாளருக்கு ஒரு துளியாவது இருந்திருக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அக்கா எடுக்கவே மாட்டாள். ஒவ்வொரு லைப்ரரிக்குள்ளும் எழுதியவர் பெயரும் நிபந்தனையும் உள்ள ஒரு சின்னக் கோப்பு இருக்கும். இடம் பிடிக்கிறதே என்று நான் ஒருநாள் அதை நீக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இது நாலு கே.பி. கூட இல்லடி. இதத் தூக்கிட்டு அங்க என்ன கோட்டை கட்டப்போற? அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டிருக்கோம். அவன் பேர் போட்ட துணுக்கையும் கிழிச்சுப் போடணுமா?"

என்னை ஆபீஸில் 'வெடி' என்று கூப்பிடுவார்கள். டீ மெஷின் ஓடவில்லை என்றால் நான்தான் கத்துவேன். பாத்ரூம் விளக்கு எரியவில்லை என்றால் நான்தான் போய் நிர்வாகியை உலுக்குவேன். நான் சோதனைப் பிரிவு. அக்கா மூட்டை கட்டிக் கொடுத்ததை ஓட்டிப் பார்த்து, 'சோதிக்கப்பட்டது' என்று கட்டத்தில் டிக் அடிப்பது என் வேலை. ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் டப்பாவில் நான் கை வைப்பேன், என் சால்வையை அவள் போர்த்திக்கொள்வாள். ஏசி எங்கள் தலைக்கு நேரே.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அர்ஜென்ட். காலை வணக்கத்தைக்கூட அர்ஜென்டாகத்தான் சொல்வார். அவருக்கு எல்லாமே 'ஒரு ஜிப்தானே', 'ஒரு கிளிக்தானே', 'ஒரு லைன்தானே'. சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் 'ஒரு ரசம்தானே' என்பார்களே, அந்த ஜாதி.

போன வருஷம் நடந்தது இது. சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து டயாலிசிஸுக்கு அழைத்து வரும் வேன்களுக்கு ஒரு நிரல் எழுதியிருந்தோம். எந்த வேன், எந்த வீடு, எந்த வரிசை என்று நாளுக்கு இரண்டு தடவை எழுந்து கணக்குப் போட்டு ஓட்டுநர்களின் போனுக்கு அனுப்பும். வழியைக் கணக்குப் போடுகிற லைப்ரரி, ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் எழுதியது. அக்கா அவரை 'நம்ம வாத்தியார்' என்பாள். இரண்டு மூன்று முறை அவருக்குச் சின்னச் சின்னப் பிழைகளை எழுதிப் போட்டிருக்கிறாள். பரீட்சைத் தாள் திருத்தி முடித்ததும் பார்க்கிறேன் என்று பதில் வரும். சொன்ன மாதிரியே பார்ப்பார்.

சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிற வேனைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று மருத்துவமனை கேட்டது. வாத்தியாரின் புதுப் பதிப்பில் அந்த வசதி இருந்தது. அதை வைத்துப் புது மூட்டை கட்ட வேண்டும். அன்றைக்கு அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போக அக்கா அரைநாள் லீவு. காலையில் வந்து பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மூணு மணிக்கு வந்துடுவேன் சார். கிளவுட்ல இருக்கிற அதே மாதிரி மெஷின்ல வெச்சுக் கட்டணும். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

"ஒரு ஜிப் போடறதுக்கு இவ்வளவு பெரிய கதையா மேடம்?" என்றார் அர்ஜென்ட்.

பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனைக்காரர்கள் கூட்ட அறையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் எதிரில் பெருமை அடித்துக்கொள்ள அர்ஜென்டுக்குக் கை பரபரத்தது. தன் சொந்த லேப்டாப்பை எடுத்தார். வாத்தியாரின் லைப்ரரியை அதில் இறக்கினார். ஜிப் போட்டார். என்னைக் கூப்பிட்டு ஓட்டிக் காண்பித்தார். ஓடியது. அவருடைய லேப்டாப்பில் கட்டியது அவருடைய லேப்டாப்பில் ஓடத்தானே செய்யும்?

"ஓடுது பாத்தியா? டிக் போடு."

அந்த லைப்ரரியில் ஒரு பகுதி, மெஷின் ரகத்துக்கு ரகம் வேறு வேறாகக் கட்ட வேண்டியது. அவருடைய லேப்டாப் ஒரு ரகம், கிளவுட் வேறு ரகம். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அக்கா கரடியாகக் கத்தியிருக்கிறாள். வாய்வரை வந்தது. கூட்ட அறையில் கோட்டுப் போட்ட நாலு பேர் புன்னகையோடு என்னைப் பார்த்தார்கள். டீ மெஷினுக்காக ஊரைக் கூட்டுகிற நான், டிக் போட்டேன். நமத்துப்போன வெடி.

ஒன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டிய நிரல் எழுந்தது, மூட்டையைப் பிரித்தது, தனக்கு ஆகாத சாமானைப் பார்த்துவிட்டு விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. ஓட்டுநர்களுக்குப் பட்டியல் போகவில்லை. முப்பத்தெட்டுப் பேர் வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு வேன் கொஞ்சம் தாமதம் போல என்று நினைத்தார்களாம். மூன்று மணிக்கு அக்கா உள்ளே வந்தாள். பையைக் கழற்றாமலே மூட்டையைத் திறந்தாள். கோப்பின் பெயருக்கு வால் மாதிரி, எந்த ரக மெஷினுக்குக் கட்டியது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூன்று நாற்பதுக்குச் சரியான மூட்டை ஏறி, வேன்கள் கிளம்பின. அதற்குள் ஒரு பெரியவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டியது. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்து வந்தார். அவர் பிழைத்தது எங்கள் புண்ணியத்தால் அல்ல.

மறுநாள் காலை அறிக்கை தயார். காரணம்: மூன்றாம் தரப்பு லைப்ரரியில் ஏற்பட்ட கோளாறு. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். மேலாளர் போட்டுவிட்டார். மூட்டை கட்டுபவர், சோதிப்பவர் என்று இரண்டு கோடு காலியாக இருந்தது.

"நான் போட மாட்டேன் சார்" என்றாள் அக்கா. "அவர் லைப்ரரில ஒரு தப்பும் இல்ல. கட்டினதுலதான் தப்பு."

"மேடம், அவர் யாரு? நம்ம ஆளா? சம்பளம் வாங்கறவரா? எங்கயோ இருக்கிற ஒருத்தர். அவருக்கு இதனால என்ன ஆகப்போகுது?"

"எங்கயோ இருந்தா மனுஷன் இல்லையா?"

அர்ஜென்ட் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டேன். அந்தக் கையை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

மருத்துவமனை சும்மா இருக்குமா? இந்த லைப்ரரியை யாரும் நம்ப வேண்டாம் என்று பகிரங்கமாக எச்சரிக்கை வெளியிட்டது. வாத்தியாரின் இணையப் பக்கத்தில் போய் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் காறித் துப்பினார்கள். நோயாளிகளோடு விளையாடுகிறாயா என்று ஒருவர். கணக்குத் தெரியாதவன் கணக்கு வாத்தியார் என்று ஒருவர். அந்த மனிதர் நாலு நாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, இல்லாத பிழையை வரி வரியாகத் தேடியிருக்கிறார். ஐந்தாம் நாள் எழுதினார்: எவ்வளவு தேடியும் என் தவறு எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

அதை அக்கா என் திரையில்தான் படித்தாள். அவள் காது மடல் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "தப்பு பண்ணினவன் டை கட்டிட்டு மீட்டிங் போறான். பண்ணாதவன் மன்னிப்புக் கேக்கறான். நல்லா இருக்குடி நம்ம பொழப்பு." தன் இடத்துக்குப் போய், வாத்தியாரின் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதினாள். உங்கள் லைப்ரரியில் பிழை இல்லை. எங்கள் பக்கம் வேறு ரக மெஷினில் கட்டி ஏற்றிவிட்டோம். தேடுவதை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். 'எங்கள்' என்றுதான் எழுதினாள். அர்ஜென்டையும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை.

கம்பெனி ரகசியத்தை வெளியில் சொன்ன குற்றம். வேலையை விட்டு நேரடியாக நீக்கினால் மேலும் பேச்சு வரும் என்று பயந்து, நாசூக்காகச் செய்தார்கள். அவளை ஒரு வெளி ஏஜென்சியின் கணக்கில் மாற்றிவிட்டார்கள். அதே மூட்டையை வீட்டிலிருந்து கட்டலாம், ஆனால் இனி எங்கள் ஆள் இல்லை. அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பச்சை மை நோட்டை என்னிடம் கொடுத்தாள். "டப்பா வெக்கிற அலமாரில மேல் தட்டு இனிமே உனக்கு" என்றாள். நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். "சரிக்கா" என்றேன். சரியாம், சரி!

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை இன்னொரு லைப்ரரியை உள்ளே திணிக்க வேண்டியிருந்தது, இடம் போதவில்லை. அர்ஜென்ட் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அக்கா கட்டி வைத்த மூட்டையைத் தன் கணக்கிலிருந்து திறக்கச் சொன்னார்.

"இந்த ஃபோல்டர் என்னத்துக்கு? வெறும் பட்டியலா இருக்கு."

"எந்த ஊர்ல எப்ப எத்தனை மணிங்கற கணக்கு சார். அக்கா தொடாதீங்கன்னு எழுதியிருக்காங்க."

"அவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. நகரு."

நகர்ந்தேன். அவரே குனிந்து அழித்தார். மறுநாள் ஊர் மணிக் கணக்குத் தெரியாமல் நிரல் குழம்பியது, ஏழு மணி வேன்கள் பத்து மணிக்குப் போய் நின்றன. நல்லவேளை, யாரும் படுக்கையில் விழவில்லை. இன்று காலை அர்ஜென்ட் வந்து என் மேஜையில் விரலால் தட்டினார்.

"காரணம், மூன்றாம் தரப்புன்னு டிக் போட்டுடு. மூட்டை கட்டினது வெளி ஏஜென்சி ஆளுதானே? பொய்யும் இல்ல பாரு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒன்பது வருஷம் தன் டப்பாவில் என்னைக் கை வைக்க விட்டவள் மூன்றாம் தரப்பு. இதற்காகவா அவளை வெளியே வைத்தார்கள்? வெளியே வைத்தது வசதியாகப் போயிற்று என்பதுதான் நிஜம். நாளைக்கு நானும் பழி போட வசதியான தூரத்தில் நிறுத்தப்பட்டால், எனக்கும் இதே கட்டம்தான். டிக் விழுந்தால் ஏஜென்சி அவளைக் கைகழுவிவிடும். இப்படிப் பெயர் கெட்டவளை வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

மூன்று மணிக்குப் படிக்கட்டில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்து, "லைப்ரரிலேருந்தா?" என்று கேட்டுவிட்டு மகளிடம் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். ரகம் வேறு என்று தெரிந்தேதான் டிக் போட்டேன் என்று.

"தெரியும்டி" என்றாள் அக்கா. "ஒன்பது வருஷம் பாடம் எடுத்திருக்கேன். தெரியாமயா போட்டிருப்ப?"

அதற்குப் பதிலாக என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப அந்தப் பெட்டில நடந்தத எழுதப்போறேன்க்கா" என்றேன்.

"எழுதேன். என்னக் கேட்டுக்கிட்டு?"

"நூறு எழுத்துக்கு மேல வாங்க மாட்டேங்குது. ரெண்டு பக்கத்துக்கு எழுதி வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி, படி. கட்டலாம்."

இடத்துக்கு வந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, படித்தேன். முதலில் அர்ஜென்டைத் திட்டியிருந்த பத்தி. "எடு. அது இல்லாமலே பொழைச்சுக்கும்." எனக்கு வேறு வழியில்லை என்று விளக்கியிருந்த பத்தி. "எடு எடு. அது அழுகல்." தேதி, மணி, மருத்துவமனை எல்லாம். "படிவத்துல மேலயே இருக்குமேடி. ரெண்டு தடவ எதுக்கு?" ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. பெட்டியின் ஓரத்தில் சிவப்பாக இருந்த எண் குறைந்துகொண்டே வந்து கறுப்பானது. கடைசியில் மிஞ்சியதை நிறுத்தி நிறுத்திப் படித்தேன்: மூட்டையைத் தொட்டது மேலாளர். அக்கா அல்ல. இரண்டு முறையும் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது.

"நடுவுல இருக்கிறத எடுத்துடு" என்றாள். "என்னைய எடுத்துட்டாலும் அது ஓடும்டி. வீணா எதுக்கு?"

அர்ஜென்ட் கண்ணாடி அறையிலிருந்து கடிகாரத்தைக் காட்டிச் சைகை செய்தார். நாலு அடிக்க ஏழு நிமிஷம். கட்டத்தில் டிக் போடாமல் விட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, எதை எடுப்பது என்பதில் அக்கா சொன்னதைக் கேட்கவில்லை. அவளை உள்ளேயே வைத்துக் கட்டி, அனுப்பிவிட்டேன். பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.